வகுத்தல்: மலேசிய ஐந்தாண்டுத் திட்டங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

அரசின் கடமைகள் யாவை என்னும் வினாவுக்கு வள்ளுவப் பெருந்தகை இறைமாட்சி அதிகாரத்தில் நான்கு தொழில்களைச் சுட்டி விடை தந்துள்ளார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை வகுத்தல் என்பன அவை. இறுதியாக நிற்கும் ‘வகுத்தல்’ என்பதற்கு, அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் பொருட்டுச் செலவிடுதல் என்னும் கருத்தில் உரை கண்டார் பரிமேலழகர். இற்றை வழக்கில் இச்சொல் மேலும் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ‘திட்டம் வகுத்தனர்’ என்னும்போது அது வருவதை முன்னரே எண்ணி ஒழுங்கு செய்தலைக் குறிக்கும். ‘வகைபட வகுத்தனர்’ என்னும்போது அது இனம் பிரித்தலைக் குறிக்கும். ஆகவே, திட்டமிடுதல், இனம் பிரித்தல், பகிர்ந்தளித்தல் ஆகிய மூன்றும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இந்த ஒற்றுமை தற்செயலானதாக இருக்கலாம். ஆயினும் வளரும் நாடொன்றின் பொருளாதாரத் திட்டத்தை ஆராய்வார்க்கு இதனினும் பொருத்தமான கருவி கிடைத்தல் அரிது. திட்டமிடுவோர் முதலில் மக்களை இனம் பிரிக்கின்றனர். பிரித்த இனங்களுக்கு ஏற்பவே பொருளைப் பகிர்கின்றனர். எனவே, பகிர்வில் நேரும் குறையைப் பகிர்வில் மட்டும் தேடுதல் போதாது; அதற்கு முற்பட்ட இனப் பிரிப்பிலேயே தேடுதல் வேண்டும். மலேசிய நாட்டின் ஐந்தாண்டுத் திட்டங்களையும், அவற்றுள் தோட்டப்புறத் தமிழர் பெற்ற இடத்தையும் இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திட்டங்களின் தோற்றம்

நம் நாட்டில் திட்டமிடுதல் விடுதலைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1950ஆம் ஆண்டிலேயே குடியேற்ற ஆட்சியினர் ஒரு வளர்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டனர். 1956 முதல் 1960 வரை முதலாம் மலாயாத் திட்டமும், 1961 முதல் 1965 வரை இரண்டாம் மலாயாத் திட்டமும் நடந்தன. 1961இல் பிரதமர் துறையின்கீழ்ப் பொருளாதாரத் திட்டப் பிரிவு நிறுவப்பட்டது. மலேசியா உருவான பின்னர் 1966இல் முதலாம் மலேசியத் திட்டம் தொடங்கியது. அன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒன்றாக வந்த வரிசையில், 2026 முதல் 2030 வரைக்கான பதின்மூன்றாம் மலேசியத் திட்டம் 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறுபடாது வரும் இத்தகைய திட்ட மரபு வளரும் நாடுகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை.

இம்மரபின் தொடக்கக் காலச் சிறப்புக்குத் துன் அப்துல் இரசாக் அறிமுகப்படுத்திய ‘சிவப்புப் புத்தகம்’ தக்க சான்றாகும். ஒவ்வொரு மாவட்டமும் தன் நிலப்படத்தை விரித்து வைத்து, எந்தக் கம்பத்திற்குச் சாலை வேண்டும், எந்த ஆற்றுக்குப் பாலம் வேண்டும், எங்கே கிணறு இல்லை, எங்கே பள்ளி இல்லை என்று குறித்துத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் முறை. குறித்த தேவை நிறைவேறியதா என்பதைத் துணைப்பிரதமராகிய அவரே நேரிற் சென்று வினவினார். மக்களின் தேவையை ஊர் ஊராகக் கண்டு எழுதுதல் என்னும் இவ்வழக்கம் போற்றத்தக்கது. அந்த நிலப்படத்தில் தோட்டங்களும் இருந்தன. ஆனால் அவை தனியார் நிலங்களாக இருந்தன. நம் ஆய்வுக்குரிய சிக்கல் இங்கேதான் முளை விடுகிறது.

1971: இரு குறிக்கோள்கள்

1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின்னர், வெறும் வளர்ச்சி மட்டும் நாட்டைக் காவாது என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். 1971இல் இரண்டாம் மலேசியத் திட்டத்தோடு புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. இன வேறுபாடு கருதாது வறுமையை ஒழித்தல் அதன் முதற் குறிக்கோள். இன்ன இனத்தார்க்கு இன்ன தொழில் என்னும் அடையாளத்தை நீக்கிச் சமுதாயத்தைச் சீரமைத்தல் இரண்டாம் குறிக்கோள். இவ்விரண்டையும் நடுநிலையோடு படிக்கும் எவரும் குறை காண இயலாது. இன்னும் சொல்லப்போனால், இரண்டாவது குறிக்கோள் தோட்டத் தமிழருக்காகவே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும். ஓர் இனத்தின் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலில், ஒரே வகைக் குடியிருப்பில் கட்டுண்டு கிடந்தமைக்குப் பால்மரக் காட்டினும் தெளிவான எடுத்துக்காட்டு இந்நாட்டில் ஏது?

கொள்கையின் பயன்களையும் மறைத்தற்கில்லை. 1970இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களுள் 49.3 விழுக்காடு வறுமையில் வாடின. 1990இல் அது ஏறத்தாழ 15 விழுக்காடாகக் குறைந்தது. இலக்காகக் கொண்ட 16.7 விழுக்காட்டையும் தாண்டிய வெற்றி இது. 1970இல் 63.3 விழுக்காடாக இருந்த அயல்நாட்டாரின் பங்குடைமை 1990இல் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகச் சுருங்கியது. 2.4 விழுக்காடாக இருந்த பூமிபுத்திரர் பங்கு, குறித்த 30 விழுக்காட்டை எட்டாவிடினும், 20 விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. வளரும் நாடுகளின் வரலாற்றில் இவை சிறு செயல்கள் அல்ல. இவற்றை ஒப்புக்கொண்ட பின்னரே குறை கூறும் தகுதி நமக்கு உண்டாகும்.

சராசரி என்னும் திரை

குறை எங்கே நேர்ந்தது? முதலில் இனவாரிப் புள்ளி விவரங்களை நோக்குவோம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் மலாய்க் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 172 வெள்ளி. சீனக் குடும்பத்தினது 394 வெள்ளி. இந்தியக் குடும்பத்தினது 304 வெள்ளி. இவ்வெண்களைக் காணும் திட்ட அதிகாரிக்கு இந்தியர் நடுத்தட்டில் நிற்பவராகத் தோன்றுவர். முதலில் கைதூக்கிவிட வேண்டியவர் மலாய்க்காரர். இந்தியரைப் பற்றி அத்துணை அவசரம் இல்லை என்னும் முடிவுக்கு அவர் வருதல் இயல்பே.

ஆயின் அந்த 304 வெள்ளி யாருடைய வருமானம்? நகரத்து வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் ஈட்டியதையும், விடியற்காலையில் வாளியும் கத்தியும் ஏந்திப் பால்வெட்டச் சென்ற தாயும் தந்தையும் ஈட்டியதையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண் அது. ஏற்றம் மிக்க சிறு தொகையினரையும் தாழ்வு மிக்க பெருந்தொகையினரையும் ஒரு தட்டில் இட்டு நிறுத்தால், தட்டின் முள் இருவரையும் காட்டாது. அதே 1970இல் இந்தியக் குடும்பங்களுள் 39.2 விழுக்காடு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன என்னும் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி அச்சராசரியின் உட்பொருள் விளங்காது. சராசரி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்லிற்று. இனத்தைக் கேட்டனர், இனத்தைச் சொல்லிற்று. தோட்டத்தைக் கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும்.

இக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. ‘பூமிபுத்திரர்’ என்னும் பெரும்பிரிவுக்குள் காட்டுவாழ் ஓராங் அஸ்லி மக்களும், சபா, சரவாக் மாநிலங்களின் உள்நாட்டுக் குடிகளும் அடங்குவர். பிரிவின் சராசரி உயர்ந்தபோதெல்லாம் அவர்களும் உயர்ந்தனர் எனல் பொருந்தாது. எனவே இதனை ஓர் இனத்தின் புலம்பலாகக் கொள்ளாமல், திட்டமிடும் முறையின்கண் அமைந்த குறையாகவே கொள்ளல் வேண்டும்.

எண்ணும்போது உண்டு, பகிரும்போது இல்லை

தோட்டத் தொழிலாளரைத் திட்டங்கள் அறவே மறந்துவிட்டன என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது முழு உண்மையன்று. எழுபதுகளின் திட்ட ஏடுகளில் வறியோர் பட்டியல் காணப்படுகிறது. இரப்பர்ச் சிறுதோட்டக்காரர், நெல் விவசாயி, மீனவர், புதுக்கிராமத்தார் ஆகியோருடன் தோட்டத் தொழிலாளரும் அப்பட்டியலில் பெயர் பெற்றுள்ளனர். ஆகவே, அவர்களை எண்ணினர் என்பது மெய். எண்ணிய பின்னர் என்ன செய்தனர் என்பதே வினா.

திட்டத்தில் ஒதுக்கும் பணம் தானே நடந்து குடிசைக்கு வந்துவிடுவதில்லை. அதனைச் சுமந்து செல்ல ஒரு நிறுவனம் வேண்டும். நிலமற்ற குடியானவரைக் குடியமர்த்த 1956இல் பெல்டா தோன்றியது. 1990ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அது குடியமர்த்தியிருந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மலாய்க் குடும்பங்கள். சிறுதோட்டக்காரருக்கு 1973இல் ரிஸ்டா அமைந்தது. மீனவருக்கென 1971இல் ஒரு வாரியம் எழுந்தது. நெல் விவசாயிக்கு மூடா நீர்ப்பாசனம் போன்ற பெருந்திட்டங்கள் வந்தன. பட்டியலில் உள்ள வறியோர் பலருக்கும் இவ்வாறு ஒரு வாயில் திறந்தது.

தோட்டத் தொழிலாளருக்கு எந்த வாயில் திறந்தது? அவர் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தார்; ஆயினும் நிலமுடைய சிறுதோட்டக்காரர் அல்லர். பால்மரம் வெட்டினார், ஆயினும் மரம் அவருடையதன்று. அவர் குடியிருந்த லயம், நடந்த மண்சாலை, குடித்த நீர் யாவும் கம்பெனியின் உடைமை. தனியார் நிலத்தில் அரசு பணம் செலவிட இயலாது என்று ஊராட்சிப் பொறுப்பாளர் கூறினர். தொழிலாளருக்கு வீடும் நீரும் தரும் பொறுப்பை 1966ஆம் ஆண்டுக் குறைந்த அளவு வீட்டுவசதிச் சட்டம் முதலாளியிடமே விட்டது. நாட்டின் ஏனைய குடிமகனுக்கு அரசு செய்தவற்றைத் தோட்டத்துக் குடிமகனுக்குக் கம்பெனி செய்ய வேண்டும் என்பது இதன் பொருள். கம்பெனியோ இலாபம் கருதும் அமைப்பு. அருகிலுள்ள கம்பத்திற்கு மின்கம்பிகள் வந்து சேர்ந்த பின்னரும், சாலைக்கு மறுபுறத்து லயங்கள் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தமைக்கு இதுவே காரணம். அங்கே வாழ்ந்தோர் எந்த அதிகாரியின் பகைமைக்கும் ஆளானவர் அல்லர். எந்த அதிகாரியின் பொறுப்புக்கும் உட்படாதவர்.

வீடு வேலையோடு கட்டுண்டு கிடந்தமையே இவற்றுள் கொடியது. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது அதன் வெம்மை வெளிப்பட்டது. பெருந்தோட்டங்கள் சிறு கூறுகளாக விற்கப்பட, வேலையும் குடியிருப்பும் ஒருசேரப் பறிபோயின. பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்தார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அரசின் ஐந்தாண்டுத் திட்டம் எட்டாத இடத்தில், ஏழைகள் தாமே தமக்கு வகுத்துக்கொண்ட திட்டம் அது. அதனை நாம் போற்றும்போதே, ஏழைகள் ஏன் அதனைத் தாமே செய்ய நேர்ந்தது என்றும் வினவ வேண்டும்.

உடைமை மாறியது, வாழ்வு?

புதிய பொருளாதாரக் கொள்கையின் புகழ்மிக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் நிகழ்ந்தது. இலண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைத் தேசிய முதலீட்டு நிறுவனம் வாங்கி, அதனை மலேசியர் வசமாக்கியது. குடியேற்ற ஆட்சிக் காலத்துப் பெருந்தோட்டம் தாய்நாட்டின் உடைமையாயிற்று என நாடு மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியில் பொருள் உண்டு.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அரசு சார்ந்த நிறுவனமே உரிமையாளரான பின்னர், ‘இது தனியார் நிலம்’ என்னும் பழைய விடைக்கு முன்போல் வலிமை உண்டோ? சீரமைப்பு என்பது பங்குச் சான்றிதழ்களின் கைமாற்றம் மட்டுமாயின் அது அன்றே நிறைவேறிவிட்டது. தொழிலடையாளத்தை நீக்கி மனிதரை உயர்த்துதலாயின், அது லயத்தின் வாயிற்படியில் அன்றோ தொடங்கியிருக்க வேண்டும்? நாட்டின் பங்குடைமையில் இந்தியரின் பங்கு 1970இல் 1.1 விழுக்காடு, இருபது ஆண்டுகள் கழிந்து 1990இலும் ஏறத்தாழ 1 விழுக்காடே. அந்த ஒன்றிலும் தோட்டத் தொழிலாளருக்கு உரியது எவ்வளவு என்பதை வாசகரே உய்த்துணரலாம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நகரங்கள் விரிந்தன. இரப்பர் மரங்கள் விழுந்தன. சில இடங்களில் செம்பனையும், சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழுந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறியோர் நகர விளிம்பிலும் புறம்போக்கு நிலத்திலும் குடியேறினர். வறுமை ஒழிப்பின் பெருங்கவனமோ நாட்டுப்புறத்தின் மேலேயே இருந்தது. நாட்டுப்புறத்தில் இருந்தபோது தனியார் நிலத்தவராய் விடுபட்டோர், நகருக்கு வந்தபோது நாட்டுப்புறத்தார் அல்லர் என்று விடுபட்டனர்.

தமிழ்ப்பள்ளி என்னும் சான்று

இதுகாறும் கூறியவற்றுக்குத் தமிழாசிரியர் வேறெங்கும் சான்று தேட வேண்டுவதில்லை; தாம் பணிபுரியும் பள்ளியையே நோக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வாறு தோட்டத்து மண்ணில் பிறந்தன. விடுதலை பெற்ற 1957இல் அவற்றின் எண்ணிக்கை 888. இன்று எஞ்சியிருப்பவை 500க்குச் சற்று மேற்பட்டவை.

ஆசிரியருக்கு ஊதியம் அரசு தருகிறது. பாடத்திட்டம் அரசு தருகிறது. ஆயினும் பள்ளி நிற்கும் நிலம் அரசுடையது அன்று என்னும் காரணத்தால், தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்னும் வகுப்பில் அடைக்கப்பட்டன. முழு உதவி, பகுதி உதவி என்னும் இரு சொற்களுக்கிடையே, ஒழுகாத கூரையும் ஒழுகும் கூரையும் நின்றன. அறிவியற்கூடமும் அதன் இன்மையும் நின்றன. பிள்ளையின் அறிவோ ஆசிரியரின் உழைப்போ இங்கு அளவுகோலாகவில்லை. நிலத்தின் பட்டயமே அளவுகோலாயிற்று. பிற்காலத்தில் அரசு தமிழ்ப்பள்ளிகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடுகள் வழங்கியதையும், பல பள்ளிகள் புதுக் கட்டடம் கண்டதையும் நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். எனினும், சிறப்பு ஒதுக்கீடு ஓர் ஆண்டு வரும். மற்றோர் ஆண்டு வாராது. வகைப்பாட்டில் உரிய இடம் பெற்றோர் ஆண்டுதோறும் கையேந்த வேண்டுவதில்லை.

கோடு நகர்ந்தால் மக்கள் மாறுவரோ?

இனப் பிரிப்பின் வல்லமைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு மட்டுமே என்று கூறப்பட்டது. 2020இல் அரசு வறுமைக் கோட்டை மாதம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியது. திருத்திய கோட்டின்படி 2019இல் வறுமை 5.6 விழுக்காடு. இடையில் நாட்டை எந்தப் பஞ்சமும் தாக்கவில்லை. முன்னர்க் கணக்குக்கு வெளியே நின்றோர் உள்ளே அழைக்கப்பட்டனர், அவ்வளவே. பழைய கோட்டைத் திருத்த முன்வந்தமை அரசின் பெருமைக்குரியது. ஆயினும் அதுவரை கணக்கில் இல்லாதோர் இல்லாதோராகவே வாழ்ந்தனர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கிறது.

இரு எளிய விடைகள்

தோட்டச் சமுதாயம் பின்தங்கியமைக்கு இரு விடைகள் நம்மிடையே வழங்குகின்றன. மதுவும் முயற்சியின்மையும் ஒற்றுமைக் குறைவும் காரணம் என்பர் ஒருசாரார். ஆட்சியாளரின் ஓரவஞ்சனை ஒன்றே காரணம் என்பர் மற்றொரு சாரார். முதல் விடை பாதிக்கப்பட்டோரையே குற்றவாளியாக்குகிறது. கூட்டுறவுச் சங்கத்திற்காகத் தம் சிறு கூலியில் மிச்சம் பிடித்த மக்களை முயற்சி இல்லாதவர் என்பது அறமாகாது. இரண்டாம் விடையில் உண்மை ஒரு பகுதி உண்டு; ஆனால் அது சினத்தை வளர்க்குமேயன்றி வழியைக் காட்டாது. ஓரவஞ்சனை எந்த ஏட்டின் எந்தப் பத்தியில், எந்தச் சொல்லின் வழியாகச் செயற்படுகிறது என்று சுட்டிக்காட்டும் ஆற்றல் நமக்கு இருந்தாலன்றி, நம் முறையீடு காற்றோடு போம்.

இவ்விடத்தில் நம் இலக்கியத்தையும் ஒரு வினா கேட்க வேண்டியுள்ளது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையும் நாவலும் தோட்டத்தின் கண்ணீரை நிரம்பப் பதிவு செய்துள்ளன. கங்காணியின் கொடுமையும் துண்டாடலின் அவலமும் லயத்தின் இருளும் அவற்றில் உயிரோடு உலவுகின்றன. ஆனால் அந்த இருளுக்குக் காரணமான கோப்பு நம் கதைகளுக்குள் அரிதாகவே நுழைந்துள்ளது. துன்பத்தை விதியென்றோ ஒரு கொடியவனின் செயலென்றோ காட்டிய அளவுக்கு, ஒரு வகைப்பாட்டின் விளைவு என்று நாம் காட்டவில்லை. கண்ணீரை எழுதிய கை, அட்டவணையையும் படிக்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் இது இயலாத செயலன்று. ஒரு பாடலில் ஒரு சொல் ஏன் இவ்விடத்தில் நின்றது, எது சொல்லாமல் விடப்பட்டது என்று நுணுகிக் காணும் பயிற்சி நம் மரபில் தொன்றுதொட்டு உண்டு. உரையாசிரியர் வழிவந்த அப்பயிற்சியைத் திட்ட ஏட்டின்மேலும் செலுத்தலாம். பதின்மூன்றாம் திட்டத்தை ஒரு பாடநூல் போல் விரித்து, ‘வறியோர்’ என்னும் சொல்லுக்கு இங்கே என்ன வரையறை, ‘நாட்டுப்புறம்’ என்பதில் யார் அடங்குவர், இந்த ஒதுக்கீட்டைச் சுமந்து செல்லும் நிறுவனம் எது, அதன் வாயில் யாருக்குத் திறக்கும் என்று வகுப்பறையில் வினவலாம். இவ்வாறு கேட்டுப் பழகிய மாணவருள் ஒருவர் நாளை அத்திட்டத்தை எழுதும் மேசையில் அமர்வாராயின், விடுபட்டோரின் பெயர் அங்கே எழுதப்பெறும்.

பொருளை உண்டாக்குவதிலும் சேர்ப்பதிலும் காப்பதிலும் இந்நாடு வல்லமை காட்டிவிட்டது. நான்காவது தொழிலில் அது எத்துணை வல்லது என்பதை, அட்டவணையில் தமக்கென ஒரு வரி இல்லாத மக்களிடமே கேட்டறிய வேண்டும்.